மூட்டை மூட்டையாக உரம், ஆனாலும் வெளுத்த இலை: மலை மண்ணின் புளிப்பைப் பற்றி

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய வீடுகளின் வேலியோரத்தில் ஹைட்ரேஞ்சியா பூத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பந்து பந்தாக, நீலமாக. கோவையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோவாவது எடுக்காமல் மலை இறங்குவதில்லை.

கேத்தி பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலும் இரண்டு செடிகள் உண்டு. ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒடித்து நட்ட குச்சிகள்தான் இரண்டும். சரிவில் நிற்பது அசல் நீலம். சிமென்ட் சுவரை ஒட்டி நிற்பது மட்டும் சுவர் கட்டியதிலிருந்து வருடத்துக்கு வருடம் நிறம் மாறி, இப்போது ரோஜா நிறத்தில் பூக்கிறது. "குச்சி மாறிப்போச்சுடா, இது வேற ரகம்" என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். ரகம் ஒன்றுதான். மண்தான் வேறு.

எல்லா மண்ணிலும் அலுமினியம் இருக்கிறது. சாதாரணமாக அது களிமண்ணோடு கல் மாதிரி இறுகிக் கிடக்கும், யாரையும் தொந்தரவு செய்யாது. மண் புளித்துப்போனால், அதாவது அமிலம் கூடினால், அது கரைந்து மண்ணின் ஈரத்தில் கலக்கிறது. ஹைட்ரேஞ்சியா அதை உறிஞ்சிப் பூவுக்கு அனுப்புகிறது, பூ நீலமாகிறது. சுவரோரத்தில் சிமென்டின் சுண்ணாம்பு மழையில் கசிந்து இறங்கிப் புளிப்பைக் குறைத்துவிட்டது. அலுமினியம் கரையவில்லை, பூவும் நீலமாகவில்லை. ஆக, வேலியோரத்து நீலப்பூ என்பது இந்த மண்ணில் அலுமினியம் கரைந்து கிடக்கிறது என்று மண்ணே எழுதிக்கொடுத்த சீட்டு. போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கு அது அழகு. அதே சரிவில் கேரட் விதைக்கிறவருக்குக் கொஞ்சம் கவலை. உரக்கடையில் காசு கொடுத்து வாங்கிப் போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பாதி வழியில் மடக்கிப் பிடித்துக்கொள்வது இந்த அலுமினியமும் அதன் கூட்டாளி இரும்பும்தான்.

அந்தக் கதையைப் புதிதாகத் தோட்டம் செய்ய வந்தவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

பி.எச். என்றால்

மண்ணைப் பரிசோதித்துத் தரும் மண்வள அட்டையில் 12 வரிகள் இருக்கும். எல்லோரும் நேராக யூரியா எவ்வளவு, டி.ஏ.பி. எவ்வளவு என்ற பகுதிக்குப் போய்விடுவார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது பி.எச். என்று போட்ட வரியை. புளிப்பை அளக்கும் எண் அது. 1909-ல் சோரன்சன் என்ற டென்மார்க் வேதியியலாளர், கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும்போது உண்டாக்கிய கணக்கு. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு, மேலே போகப் போகக் காரம். இங்கே காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்பின் குணம்.

நாக்குக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி, தயிர் நாலு, நாலரை, பால் கலக்காத கட்டன் காப்பி சுமார் 5, பால் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் தெளிநீர் 12-ஐத் தொடும். நீலகிரியில் காய்கறி, தேயிலைத் தோட்ட மண் பெரும்பாலும் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் நிற்கும். அதாவது தயிரும் கட்டன் காப்பியும் இருக்கும் இடத்தில்.

இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று. 6-க்கும் 5-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். இந்தக் கணக்கில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. பி.எச். 5 உள்ள மண் 6 உள்ள மண்ணைவிடப் பத்து மடங்கு புளிப்பு. 4.5 என்றால் முப்பது மடங்குக்கு மேல். அட்டையில் அரை எண் குறைந்திருந்தால் 'பரவாயில்லை, கொஞ்சம்தான்' என்று மடித்து வைத்துவிடக்கூடாது.

மலை மண் ஏன் புளிக்கிறது

முதல் காரணம் மழை. காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயு மழைநீரில் கரைந்தால் அது லேசான அமிலம். இந்த மலைகளில் அந்தத் தண்ணீர் யுகம் யுகமாகப் பாறையையும் மண்ணையும் கழுவிக்கொண்டே இருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அந்த அளவு எப்போதோ ஒரு முறைதான், ஆனால் சாதாரண வருடத்து மழையே கழுவுவதற்குப் போதும். சுலபமாகக் கரைகிற சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) மெக்னீசியமும் முதலில் போய்விடும். சுலபத்தில் கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். வெட்டிய சரிவில் மண் செக்கச்செவேலென்று தெரிவதற்கு அந்த இரும்பு காரணம். பழனி மலையிலும் கதை இதேதான்.

இரண்டாவது விஷயத்தைப் புரிந்துகொள்ளக் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் போகும் ஒரு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 36 கொண்டை ஊசி வளைவு. மண்ணில் இருக்கும் களித்துகளும், இலைதழை மக்கி உண்டான மக்கும்தான் பஸ். அதில் சத்துகள் உட்காரும் சீட்டுகள் இருக்கின்றன. சுண்ணாம்புச்சத்து, மெக்னீசியம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) எல்லாம் சீட்டில் இருந்தால் மழை என்ற வளைவில் விழாமல் இருக்கும். வேர் கேட்கும்போது இறங்கிக் கொடுக்கும். புளிப்பு மண்ணில் அந்தச் சீட்டுகளில் அலுமினியமும் அமிலமும் துண்டு போட்டு உட்கார்ந்துவிடுகின்றன. நீங்கள் போட்ட பொட்டாஷ் நின்றுகொண்டே வருகிறது. அடுத்த வளைவில் ஜன்னல் வழியாகப் போய்விடுகிறது. இன்னும் மோசம் என்னவென்றால், நம் மலை மண்ணின் வாகில், பி.எச். இறங்க இறங்கச் சீட்டுகளின் எண்ணிக்கையே குறைகிறது.

மூன்றாவது காரணம் நாமே. தழைச்சத்து (நைட்ரஜன்) உரங்களில் பலவும் அமோனியா வகை. யூரியாவும் மண்ணில் விழுந்ததும் அமோனியாவாகத்தான் மாறும். அதை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றும்போது கூடவே அமிலம் வெளியாகிறது. இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: 100 கிலோ யூரியா உண்டாக்கும் புளிப்பை ஆற்றச் சுமார் 80 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். 45 கிலோ மூட்டை ஒன்றுக்கு 36 கிலோ. அமோனியம் சல்பேட் இன்னும் மோசம். 100 கிலோவுக்குச் சுமார் 110 கிலோ, போட்ட உரத்தைவிட அதை ஆற்றும் சுண்ணாம்பின் எடை அதிகம்! வருடத்துக்கு இரண்டு மூன்று போகம், ஒவ்வொரு போகத்துக்கும் அடியுரம், மேலுரம் என்று இருபது வருடம் போட்ட தோட்டத்தின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அறுத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் காய்கறியோடு போகும் சுண்ணாம்புச்சத்து இதில் சேரவில்லை.

இங்கேதான் சுழல் ஆரம்பிக்கிறது. மண் புளிக்கிறது, உரம் பிடிக்கவில்லை, இலை வெளுக்கிறது. இலை வெளுத்ததும் இன்னும் இரண்டு மூட்டை யூரியா. அது மண்ணை இன்னும் புளிக்க வைக்கிறது.

மணிச்சத்து எங்கே போகிறது

மூன்று பெரிய சத்துகளில் புளிப்பு மண்ணிடம் அதிகம் அடிவாங்குவது மணிச்சத்து. அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

ஒரு மூட்டை டி.ஏ.பி. 50 கிலோ. மூட்டையின் மேல் 18-46 என்று போட்டிருக்கும். 18 தழைச்சத்து, 46 மணிச்சத்து, இரண்டும் சதவீதத்தில். ஆக ஒரு மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து. குருணை ஈரத்தில் கரைந்ததும் அதிலிருக்கும் பாஸ்பேட், அதாவது மணிச்சத்து, சும்மா இருப்பதில்லை, பக்கத்தில் யார் கையை நீட்டினாலும் பிடித்துக்கொள்ளும். புளிப்பு மண்ணில் முதலில் கையை நீட்டுவது கரைந்து திரியும் அலுமினியமும் இரும்பும். இவை பாஸ்பேட்டோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத பொருளாகிவிடும். போதாததற்கு நீலகிரி மண்ணில் அலுமினிய, இரும்பு ஆக்சைடுகள் ஏராளம். அவற்றின் மேற்பரப்பே பாஸ்பேட்டைக் கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். குருணை கரைந்த சில நாட்களிலேயே பெரும்பங்கு இப்படிப் போய்விடுகிறது.

நல்ல மண்ணிலேயே போட்ட மணிச்சத்தில் முதல் போகத்துப் பயிர் எடுப்பது பொதுவாக 10 முதல் 25 சதவீதம்தான். 23 கிலோவில் இரண்டரை கிலோவிலிருந்து ஆறு கிலோவுக்குள். நம் மண்ணில் அந்தக் கணக்கின் கீழ்ப்பக்கத்தையே எதிர்பார்க்க வேண்டும். மீதி எங்கும் ஓடிவிடவில்லை, மண்ணுக்குள்தான் இருக்கிறது. ஆனால் பெட்டியில் பணம் இருந்தும் சாவி தொலைந்த கதை. பல வருடம் டி.ஏ.பி. போட்ட தோட்டத்தில் மொத்த மணிச்சத்தை அளந்தால் நிறைய இருக்கும், பயிரின் இலையைப் பார்த்தால் பஞ்சம் தெரியும். இலை கருநீலப் பச்சையாகி, அடியில் ஊதா ஓடி, செடி வளராமல் குந்தியிருக்கும். குளிர் மாதங்களிலும் இந்த ஊதா வரும் என்பதால் "பனி அடிச்சுடுச்சு" என்று பனியின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

அலுமினியத்தின் சேட்டை இதோடு முடியவில்லை. பி.எச். ஐந்துக்குக் கீழே போகும்போது அது வேரின் நுனியையே தாக்குகிறது. போன கார்போகத்தில் (ஏப்ரல், மே வாக்கில் விதைக்கும் போகம்) எங்கள் தோட்டத்தின் மேல்பாத்தியிலிருந்து ஒரு முட்டைக்கோஸ் நாற்றையும் கீழ்ப்பாத்தியிலிருந்து ஒன்றையும் பிடுங்கி, வாளித் தண்ணீரில் அலசிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கீழ்ப்பாத்தி வேர் பஞ்சு மாதிரி, மெல்லிய வெள்ளை இழைகள் கொத்தாக. மேல்பாத்தி வேர் குட்டையாக, தடித்து, நுனி பழுப்பேறி, பக்கவேர் இல்லாமல் மொட்டை மொட்டையாக இருந்தது. தேய்ந்துபோன விளக்குமாறு என்று சொல்லலாம். இரண்டு பாத்திக்கும் ஒரே மூட்டையிலிருந்துதான் உரம் போட்டிருந்தோம். வாய் இல்லாதவனுக்கு விருந்து வைத்தது மாதிரி ஆகிவிட்டது. அந்த வேர் தண்ணீரையும் தேடிப் போகாது. மழை ஒரு வாரம் தள்ளிப்போனால் முதலில் வாடுவது மேல்பாத்தி.

தழைச்சத்தின் கதை வேறு. அதை யாரும் மடக்கிப் பிடிப்பதில்லை. மக்கும் பொருளைச் செரித்துத் தழைச்சத்தை வெளியே விடும் நுண்ணுயிரிகளும், அமோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரிகளும் புளிப்பில் மந்தமாகிவிடுகின்றன. ஊட்டியின் கறுத்த மண்ணைப் பார்த்து, 'இவ்வளவு சத்தான மண்ணா!' என்று வியப்பவர்கள் உண்டு. அந்தக் கறுப்பு மக்குதான், சந்தேகமில்லை. ஆனால் குளிரும் புளிப்பும் சேர்ந்து அதைச் செரிக்க விடாமல் வைத்திருக்கின்றன. அலுமினியம் அந்த மக்கையும் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. பீன்ஸ், பட்டாணி போட்டால் வேரில் முடிச்சு கட்டிக் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் பாக்டீரியாவும் இந்தப் புளிப்பில் சரியாக வேலை செய்யாது.

சாம்பல் சத்தைப் பஸ் கதையிலேயே சொல்லிவிட்டேன். நுண்சத்துகளில் காலிஃபிளவருக்கு மாலிப்டினம் கிடைக்காமல் இலை நரம்பு மட்டும் சாட்டை போல நீளுவதும், மழையில் போரான் கரைந்துபோய்ப் பீட்ரூட் உள்ளே கறுப்பதும் இந்த மண்ணோடு வரும் தொல்லைகள்தான்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணை

விவசாயக் குழுக்களில் ஒரு அட்டவணை அடிக்கடி வரும். பி.எச். 7-ல் உரம் முழுதும் பலன், 5.5-ல் மூன்றில் ஒரு பங்கு வீண், 5-ல் பாதிக்கு மேல் வீண், 4.5-ல் 71 சதவீதம் வீண் என்று, சில பிரதிகளில் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தோடு. உரக்கடை சுவரிலும் பார்த்திருக்கிறேன். அது காட்டும் திசை சரி. அந்த இரண்டு தசம இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். மணல் மண்ணா, களிமண்ணா, மக்கு எவ்வளவு, என்ன பயிர் என்று எதுவும் கேட்காமல் ஒரு மண்ணின் இழப்பை அவ்வளவு துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது. தேயிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைப்படி 4.5-ல் போட்ட உரம் பெரும்பாலும் வீண். ஆனால் தேயிலைக்குப் பிடித்ததே நாலரையிலிருந்து ஐந்தரை வரைதான். கரைந்த அலுமினியத்தை எடுத்துத் தன் முதிர்ந்த இலைகளில் அடைத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக வளரும் செடி அது. ஆகவே எந்தப் பயிருக்கு என்று கேட்காத பி.எச். அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சுண்ணாம்பு

புளித்த மண்ணுக்கு மருந்து சுண்ணாம்பு என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தச் சுண்ணாம்பு என்பதில்தான் குழப்பம். சுண்ணாம்புக்கல்லை அரைத்த தூள் மெதுவாக, பல மாதம் வேலை செய்யும். அதன் பலத்தை 100 என்று வைத்துக்கொண்டால், நீற்றுச் சுண்ணாம்பு 135. வேகமும் அதிகம், கையையும் கண்ணையும் எரிக்கும், செடி நிற்கும் பாத்திக்கு ஆகாது. எங்கள் பக்கம் அதிகம் புழங்குவது டோலமைட். சுத்தமான டோலமைட் 109 வரை வரும், கூடவே மெக்னீசியமும் கிடைக்கும். உருளைக்கிழங்கின் அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க நடுவில் மஞ்சள் ஓடினால் அது மெக்னீசியம் குறை. அங்கே டோலமைட் போட்டால் இரண்டு வேலை ஒன்றாக முடியும். எதை வாங்கினாலும் விரலால் தேய்த்துப் பாருங்கள். கோலமாவு மாதிரி இருக்க வேண்டும். ரவை மாதிரி இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம், அது கரைவதற்குள் மூன்று போகம் போய்விடும்.

ஜிப்சம் இந்த வேலைக்கு ஆகாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், "சமவெளியில எங்க மச்சான் ஜிப்சம் போட்டுத்தான் மண்ணைச் சரி பண்ணினார்" என்று யாராவது வந்து சொல்வார்கள். அவர் மண் களர் மண். அதற்கு ஜிப்சம் சரி. ஜிப்சத்தில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, ஆனால் புளிப்பை ஆற்றும் குணம் இல்லை.

எவ்வளவு போட வேண்டும்? இதற்குப் பி.எச். எண் மட்டும் போதாது. குழாயில் வரும் தண்ணீரைப் பார்த்து மாடித் தொட்டி எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியுமா? பி.எச். காட்டுவது மண்ணின் ஈரத்தில் இப்போது இருக்கும் புளிப்பை, அதாவது குழாய்த் தண்ணீரை. களித்துகளிலும் மக்கிலும் ஒட்டியிருக்கும் அமிலமும் அலுமினியமும்தான் தொட்டி. சுண்ணாம்பு போட்டு ஈரத்தின் புளிப்பை ஆற்றினால், தொட்டியிலிருந்து மறுபடி இறங்கிவிடும். பி.எச். 5 காட்டும் மணல் மண்ணுக்கு அரை டன் போதும் என்றால், அதே 5 காட்டும் மலையின் கறுத்த மண் மூன்று நான்கு மடங்கு கேட்கலாம். அதனால் பரிசோதனைக்குக் கொடுக்கும்போதே 'சுண்ணாம்புத் தேவை எவ்வளவு' என்றும் பார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பலநேரம் பார்ப்பதில்லை. ஊட்டி மண் பரிசோதனைக் கூடத்தில் கேட்கலாம், குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது.

மண் எடுப்பதில் ஏமாற்று வேலை கூடாது. வரப்பு, மரத்தடி, சாணிக்குழி ஓரம், போன வாரம் உரம் போட்ட இடம் இவற்றை விட்டுவிடுங்கள். தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கி, 'வி' வடிவில் ஆறு அங்குலம் வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவி எடுக்க வேண்டும். பத்தையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பாகத்தைத் தள்ளி, அரைக்கிலோ வரும்வரை குறைக்கலாம். நிழலில் உலர்த்துங்கள். மேல்பாத்தியையும் கீழ்ப்பாத்தியையும் கலக்கவே கலக்காதீர்கள். சரிவில் மேல் மண் கழுவப்பட்டுக் கீழே சேர்கிறது, இரண்டும் வேறு வேறு மண். எங்கள் தோட்டத்தில் முப்பது அடி தூரத்தில் மேலே 4.7, கீழே 5.4 வந்தது. கலந்து கொடுத்திருந்தால் 5 என்று ஒரு எண் வந்திருக்கும், இரண்டில் எந்தப் பாத்திக்கும் பொருந்தாத எண்.

எப்போது போடுவது என்பதற்கு ஒரு விதிதான்: சுண்ணாம்பும் அமோனியா உரமும் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது. இதை நான் அனுபவத்தில் கற்றேன். முதல் வருடம், ஆள் கூலி மிச்சமாகட்டும் என்று அமோனியம் சல்பேட்டையும் நீற்றுச் சுண்ணாம்பையும் ஒரே தொட்டியில் கொட்டி, மண்வெட்டியால் கலந்து ஒரே வீச்சில் தூவிவிடலாம் என்று ஆரம்பித்தேன். இரண்டாவது புரட்டலிலேயே மூக்கைக் குத்தும் நாற்றம், கண்ணில் நீர். பழைய ரயில்வே ஸ்டேஷன் கழிப்பறைக்குள் நுழைந்த மாதிரி. அந்த நாற்றம்தான் நான் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து. சுண்ணாம்பு பட்டதும் அமோனியா வாயுவாகி என் கண் முன்னாலேயே காற்றில் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வரப்பில் நின்று, "என்ன தம்பி, மேகத்துக்கு உரம் போடுறியா?" என்று கேட்டார். இன்றைக்கும் டீக்கடையில் பார்த்தால் அதைத்தான் கேட்கிறார்.

சரியான முறை: நிலம் புரட்டும்போது சுண்ணாம்பைத் தூவி, ஆறு அங்குலம் வரை மண்ணோடு நன்றாகக் கலந்து, ஈரத்தில் குறைந்தது மூன்று நான்கு வாரம் விட்டுவிட வேண்டும். அரைத்த கல் தூளுக்கு இரண்டு மாதம் கிடைத்தால் இன்னும் நல்லது. மேலாகத் தூவி விட்டால் மேலேயே கிடக்கும், தானாகக் கீழே இறங்க வருடங்கள் ஆகும். சரிவில் கனமழை வந்தால் மொத்தமாகப் பள்ளத்துக்குப் போய்விடும். ஆகஸ்ட், செப்டம்பரில் விதைத்த கடைபோகம் எடுத்து முடித்து, ஜனவரி வாக்கில் விதைக்கும் நீர்போகத்துக்கு நிலம் தயாராகும் இடைவெளி இதற்கு நல்ல நேரம். பெருமழை இருக்காது.

மணிச்சத்து உரத்துக்கு இதற்கு நேர் எதிரான வழி. சுண்ணாம்பு எவ்வளவுக்கு மண்ணோடு கலக்கிறதோ அவ்வளவு நல்லது. டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் எவ்வளவுக்குக் குறைவாக மண்ணைத் தொடுகிறதோ அவ்வளவு நல்லது. வீசி இறைத்தால் ஒவ்வொரு குருணையைச் சுற்றியும் அலுமினியம் காத்துக்கொண்டிருக்கும். கோடு கிழித்து, விதைக்கிழங்குக்குப் பக்கத்தில், தொடாமல் இரண்டு அங்குலம் தள்ளி வரிசையாகப் போட்டால், அந்தக் கோட்டில் இருக்கும் அலுமினியம் கொஞ்சத்தைப் பிடித்து ஓய்ந்துவிடும், மீதி வேருக்கு. நன்றாக மக்கிய தொழு உரத்தோடு சேர்த்துப் போட்டால் இன்னும் உத்தமம். தொழு உரத்தின் அங்ககப் பொருட்கள் அலுமினியத்தைத் தாங்களே பிடித்துக்கொண்டு பாஸ்பேட்டை விட்டுவிடும். பெரியவர்கள் கிழங்கு நடும்போது சாலில் சாணி எரு வைத்து மூடியதற்கு இந்த வேதியியல் காரணமா, பழக்கமா தெரியாது. பலன் ஒன்றுதான்.

தேயிலைக்காரர்களுக்கு இன்னொரு தந்திரம் கைவந்திருக்கிறது. தண்ணீரில் கரையும் பாஸ்பேட்டை விட்டுவிட்டு, கரையாத பாறை பாஸ்பேட் தூளைப் போடுகிறார்கள். மசூரி ராக் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மண்ணின் புளிப்பே அதை மெல்ல மெல்லக் கரைத்துச் செடிக்குக் கொடுக்கும். சமவெளியின் காரமண்ணில் அதைப் போட்டால் கல்லாகவே கிடக்கும். எங்களுக்குத் தொல்லை கொடுக்கும் அதே அமிலத்தை அவர்கள் கூலியில்லாமல் வேலை வாங்குகிறார்கள்!

எதுவரை ஏற்றுவது

சரி, சுண்ணாம்பு போட்டு எல்லா நிலத்தையும் 7-க்குக் கொண்டுபோய்விட்டால்? வேண்டாம். ஏழுக்குப் பக்கத்தில் போரான், துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் வேருக்குக் கிடைக்காமல் போக ஆரம்பிக்கும். கேரட்டுக்கும் பீன்சுக்கும் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை தாராளம். பீட்ரூட்டுக்கு ஆறுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் நன்றாக வரும். மலை மண்ணில் முதல் குறி அலுமினியத்தை உறங்க வைப்பது. ஐந்தரையைத் தாண்டினால் அது பெரும்பாலும் உறங்கிவிடும். அதற்கு மேல் போவது பயிரைப் பொறுத்தது.

உருளையும் கோசும் ஒரே நிலத்தில் மாறி மாறி வரும் தோட்டங்களில்தான் தலைவலி. முட்டைக்கோஸ் வேரை வீங்க வைத்து விரல் விரலாகக் கட்டி கட்டச் செய்யும் 'கிளப் ரூட்' நோய்க்குப் புளிப்பு மண் என்றால் கொண்டாட்டம். பி.எச். ஏழை நெருங்கினால் அது அடங்கும். அதனால் கோஸ் போடுகிறவர்கள் சுண்ணாம்பைத் தாராளமாகப் போடுவார்கள். உருளைக்கிழங்கின் சொறி நோய் நேர் எதிர். மண் ஐந்துக்குப் பக்கத்தில் இருந்தால் அடங்கிக் கிடக்கும், சுண்ணாம்பு ஏறினால் தலையெடுக்கும். என் மாமா ஒரு வருடம் கோசைக் காப்பாற்ற அளந்து பார்க்காமல் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைக் கொட்டினார். கோஸ் நன்றாகவே வந்தது. அடுத்த போகம் அதே இடத்தில் உருளை. தோண்டியபோது கிழங்கின் எடைக்குக் குறைவில்லை, ஆனால் தோல் முழுக்கச் சொறி, தேமல் விழுந்த முதுகு மாதிரி. மண்டியில் மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மூட்டைக்கு நகர்ந்துவிட்டாராம். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று மாமா சொல்வார்.

இப்போது அவர் வரிசையை மாற்றிவிட்டார். சுண்ணாம்பு போட்டதும் முதலில் கோஸ் அல்லது பீட்ரூட், அப்புறம் கேரட், பீன்ஸ். புளிப்பு மறுபடி கொஞ்சம் ஏறிய பிறகு கடைசியில் உருளை. மழையும் யூரியாவும் சேர்ந்து மண்ணைக் கீழே இழுப்பதையே சுழற்சிக்குப் பயன்படுத்திக்கொள்கிறார். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டாமல், தேவையைப் பிரித்து இரண்டு வருடமாகப் போடுகிறார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, அதே மாதத்தில், அதே பாத்திகளில் மண் எடுத்துப் பார்க்கிறார். மாதம் மாறினால் எண்ணும் கொஞ்சம் ஆடும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு.

எங்கள் மேல்பாத்தியில் டோலமைட் போட்ட பிறகு எடுத்த மண்ணில் 5.3 வந்திருக்கிறது. டி.ஏ.பி.யைக் கோட்டில் போட ஆரம்பித்ததில் போன போகத்துக்கு ஒரு மூட்டை குறைவாகவே வாங்கினேன். கேரட்டின் நிறத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை.

அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. சுவரோரச் செடியும் நீலமாகப் பூக்க வேண்டுமாம். அதற்கு வழி இருக்கிறது: சவரக் கடையில் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரம். அதில் அலுமினியம் இருக்கிறது. கரைத்து வேரில் ஊற்றிக்கொண்டே வந்தால் கொஞ்ச நாளில் நீலம் திரும்பும். கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் அந்தச் செடிக்கு இரண்டடி கீழே கேரட் பாத்தி ஆரம்பிக்கிறது. அதனால் மறந்துபோச்சு, மறந்துபோச்சு என்றே நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறேன்.